மறுபடியும் மஞ்சள் விளக்கு

ஜூலை 29, சனி

இந்த நோட்டு அவர் சொல்லித்தான் போடுகிறேன். வண்டி என்று ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் குறை நோட்டு ஒன்று இருக்க வேண்டுமாம். டிப்போவில் அப்படித்தான். வண்டியை உள்ளே விட்டதும் டிரைவர் நோட்டில் குறையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். பிரேக் இழுக்கிறது, வைப்பர் ஓடவில்லை, எதுவானாலும் எழுத வேண்டும். எழுதாமல் போனால் மறுநாள் அதே வண்டியை எடுப்பவன் தலையில் விடியும். முப்பத்தொரு வருடம் இப்படி எழுதியவர் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. கோபி–ஈரோடு தடத்தில் அவரைத் தெரியாத கடைக்காரர் கிடையாது.

இப்போது அவரால் எழுத முடியாது, அதனால் நான் எழுதுகிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வாய் கோணியது சரியாகிவிட்டது. பேச்சு தெளிவாக வருகிறது. கால் பரவாயில்லை, தடியை ஊன்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போகிறார். வலது கைதான் மடியில் வைத்த இடத்தில் கிடக்கிறது.

வண்டியை அவர்தான் மே மாதம் பதிவு செய்தார். சின்ன கார், வெள்ளை நிறம். ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊர் ஊராக ஓட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி பிறக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்று ஜூலை பதினாலாம் தேதி வண்டி வந்து நின்றது. ஓட்டுவது நான். இரண்டு வருடம் முன்பு டிரைவிங் ஸ்கூலில் கற்று வாங்கிய லைசென்ஸ் பீரோவுக்குள் கிடந்தது. அவரிடம் கற்றுக்கொண்டிருந்தால் எங்கள் இருவரில் ஒருவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

செவ்வாய், வெள்ளியில் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும், மாலை ஐந்து மணிக்கு ஈரோட்டில் பிசியோதெரபி. அங்கே பார்க்கிற ரெஜினா தெளிவாகச் சொல்லிவிட்டார். முதல் மூன்று மாதம் முக்கியம், ஒரு நாள் கூட விடக் கூடாது, செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி கையை அளந்து பார்த்து முடிவு சொல்வார். எனக்கு இப்போது வேறு கவலை எதுவும் கிடையாது. அந்தக் கை வர வேண்டும்.

வண்டியில் குறை ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

குறை வந்துவிட்டது. ஈரோட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியை எடுத்தால், வேகம் காட்டுகிற இடத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு படம் எரிகிறது. குழாய் வைத்த பெட்டி மாதிரி இருந்தது. தண்ணீர் மோட்டார் படம் இங்கே எதற்கு என்று நினைத்தேன்.

எஞ்சின் விளக்கு என்றார் அவர். ஓரமாக நிறுத்தச் சொன்னார். சீட்டை விட்டு நகராமல், "பெட்ரோல் மூடியப் போயிப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். பாதித் திருகில் நின்றது. இறுக்கி மூடினேன். விளக்கு உடனே போகாது, மூன்று நான்கு தடவை ஸ்டார்ட் செய்து ஓட்டினால் தானாகப் போகும் என்றார்.

டாக்டர் நாடி பிடித்துச் சொன்ன மாதிரி இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். இரவு சாப்பாட்டில் உப்பு குறைவு என்றுகூட அவர் சொல்லவில்லை. உண்மையில் குறைவுதான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

விளக்கு போய்விட்டது. அவர் சொன்னது போலவே நான்காவது ஸ்டார்ட்.

பிசியோதெரபியில் இன்று ஒரு தட்டில் கோலிக்குண்டு வைத்தார்கள். எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். பத்து குண்டு. அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. பக்கத்து நாற்காலியில் ஆறு வயதுப் பெண் குழந்தை, கையில் கட்டுப் பிரித்து வந்தது, பத்தையும் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. குழந்தை என்ன செய்யும்.

புறப்படும்போது ரெஜினா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "விரல்ல அசைவு வர்றதுன்னா இப்போ வரணும்ங்க டீச்சர். அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி அளக்கும்போது ஒண்ணும் இல்லைன்னா, அதுக்கப்புறம் பெருசா எதிர்பார்க்க முடியாது."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். காது நன்றாகத்தான் இருக்கிறது அவருக்கு.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் வந்து, காப்பி வைத்து, அவருக்குச் சட்டை மாற்றி, முன் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கு. மூடியைப் போய்ப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது.

போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குறை இருக்கிற வண்டியை வெளியே எடுக்கக் கூடாது, அது டிப்போ விதி. நான் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னாமல் எரிந்தால் நிதானமாக ஓட்டலாம், வசதிப்படும்போது சர்வீஸுக்குக் காட்டினால் போதும் என்று தமிழிலேயே போட்டிருக்கிறது.

"புக்கு எழுதுனவன் பஸ்ஸு ஓட்டுனானா?" என்றார்.

முப்பத்தொரு வருடம் ஓட்டியவரிடம் நான்கு வாரம் ஓட்டியவள் என்ன பேசுவது. கால் டாக்சிக்குச் சொன்னேன். வந்தது. வாசலில் நின்றபடியே டயரைப் பார்த்தார். இரண்டு டயர் மொட்டை, இதில் ஏற மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். டாக்சிக்காரருக்குக் கோபம். எனக்கும்தான். பஸ்ஸில் ஏற மாட்டார், அது எனக்குத் தெரியும். எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஓட்டுபவர் அவரோடு வேலை பார்த்தவராக இருப்பார். தூக்கி ஏற்றுவார்கள்.

ஒரு நாள் போச்சு. நாற்பது கணக்கு நோட்டு திருத்தினேன். இன்று யாருக்கும் 'நன்று' கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

வண்டியை நானே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். விளக்கு எரிகிற வண்டியில் நான் போவதற்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே தண்டபாணி என்ற மெக்கானிக். நாற்பத்தைந்து வயதிருக்கும், பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் வண்டியையே பார்க்கிறார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கருவியைச் செருகினார். அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு எஞ்சினுக்கு மேலிருக்கிற முன்மூடியைத் திறந்து கையை விட்டார். எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயில் ஒரு சென்சார், அதற்கு வருகிற ஒயரின் கனெக்டர் கழன்று கிடந்தது. கட்டை விரல் அளவு கறுப்பு பிளாஸ்டிக். அதை மாட்டி, கருவியால் விளக்கையும் அணைத்துவிட்டார்.

புது வண்டியில் இப்படி ஆகுமா என்று கேட்டேன். "ஆகக் கூடாதுங்க" என்றார்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். தலைமையாசிரியர் நாற்பது நிமிடம் பேசினார், மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஈரோட்டில் இன்று விடுமுறை.

துணி துவைத்தேன். அவர் துண்டில் கறுப்பாக மை மாதிரி கறை. சைக்கிள் செயினில் பட்டிருக்கும். சைக்கிள் ஜூனிலிருந்து நின்ற இடத்தில்தான் நிற்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தேன், முழுக்கப் போகவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மறுபடியும் மஞ்சள் விளக்கு. மறுபடியும் ஈரோடு போகவில்லை.

இந்தத் தடவை நான் சத்தம் போட்டேன். வண்டி முக்கியமா கை முக்கியமா என்று கேட்டேன். அவர் டிவியில் செய்தி வைத்தார். வலது கை மடியில் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன்.

ஆகஸ்ட் 19, சனி

தண்டபாணியிடம் போனேன். அதே கனெக்டர், அதே மாதிரி கழன்று கிடந்தது. இது தானாகக் கழலாது என்றார். எலி வருகிறதா என்று கேட்டார். எங்கள் தெருவில் எலி இல்லாத வீடு எது. எலி ஒயரைக் கடிக்கும், இழுக்கும், சில சமயம் முன்மூடிக்குள் குட்டியே போடும் என்று இரண்டு மூன்று கதை சொன்னார். பிறகு கனெக்டரைச் சுற்றி, ஒயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒன்று போட்டு இறுக்கி, மிச்ச நுனியை நறுக்கினார். இனி எலியாலும் முடியாது என்றார்.

எலிக்குப் புகையிலை வாசம் ஆகாது என்றும் தண்டபாணிதான் சொன்னார். வரும் வழியில் ஒரு கட்டுப் புகையிலை வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் மகள் என்னிடம்தான் நாலாவது படிக்கிறாள்.

எஞ்சின் பக்கத்தில் புகையிலையைச் செருகிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "வெத்தல பாக்கும் சேத்தி வெச்சிரு, பாவம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஜூனுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். கோபமாக இருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

விளக்கு இல்லை. போனோம். இரண்டு வெள்ளி விட்டதற்கு ரெஜினா என்னைத் திட்டினார். நான் பிள்ளைகளைத் திட்டுகிற அதே தொனி. நியாயம்தான்.

கையைப் பிடித்துப் பார்த்தவர் கொஞ்சம் நிறுத்தினார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்கிற இடத்தில் லேசாகப் பிடி தெரிகிறதாம். வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் இவர். கோலிக்குண்டுத் தட்டை வைத்தபோது கையைத் தூக்கக்கூட இல்லை. முயற்சி செய்தால்தானே வருமா வராதா என்று தெரியும், ஒரு தடவை பாருங்கள் என்று ரெஜினா கெஞ்சினார். அசையவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

விளக்கு. போகவில்லை.

எதிர்வீட்டு அம்மா பால் வாங்கும்போது கேட்டார்: "வண்டி ரிப்பேருங்களா டீச்சர்? பதனோரு மணிக்கு முன்மூடி தொறந்து கெடந்துச்சே." வேறு யார் வண்டியையாவது பார்த்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

எங்கள் தெருவில் வேறு கார் கிடையாது.

ஆகஸ்ட் 26, சனி

தண்டபாணி முன்மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கனெக்டர் கிடந்த இடத்துக்குக் கீழேயிருந்து அந்த டேக்கை எடுத்து என் கையில் வைத்தார். நறுக்காக வெட்டியிருந்தது. எலியின் பல் அப்படி வெட்டாது. புகையிலைக் கட்டு நான் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மட்டும்தான், அவருக்கு வலது கை வராது என்றேன்.

தண்டபாணி கனெக்டரை எனக்குக் காட்டினார். பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது. ஒரு கையால் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பூட்டிக்கொள்ளும். இன்னொரு கையால் மேலே அழுத்திக் கனெக்டரை உருவ வேண்டும். என்னைச் செய்து பார்க்கச் சொன்னார். இரண்டு கையும் உள்ள எனக்கே மூன்றாவது தடவைதான் வந்தது.

"இது ஒரு கையில வராதுங்க டீச்சர்" என்றார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நான் கையிலிருந்த டேக்கையே பார்த்தேன். மனிதர் தர்மசங்கடத்தில் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். சாவி போடாமல் இதைக் கழற்றித் திரும்ப மாட்டினால் வண்டிக்கு ஒன்றும் தெரியாதாம். கழன்று கிடக்கும்போது யாராவது உட்கார்ந்து சாவியைத் திருப்பினால்தான் வண்டி அதைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கைப் போடும். அதற்குப் பிறகு மாட்டினாலும் மூன்று நான்கு ஸ்டார்ட் வரை விளக்கு நிற்கும். இன்னொரு டேக் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னான் என்று கேட்டார். எலிதான் என்றேன். சாதத்தைப் பிசைந்து, எப்போதும் போல இடது கைப் பக்கம் ஸ்பூன் வைத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

துண்டைத் துவைத்த அன்றைக்கே எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று விட்டேன். எழுதினால் கேட்க வேண்டிவரும்.

நேற்றிலிருந்து கோபமும் சந்தோஷமும் ஒன்றையொன்று விடாமல் துரத்திக்கொண்டிருக்கின்றன. மூன்று படி இறங்கியிருக்கிறார். முன்மூடியைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தியிருக்கிறார். கத்தரி எடுத்துப் போயிருக்கிறார். அந்தச் சிவப்புப் பூட்டை ஏதோ ஒரு கையால் இழுத்துப் பிடித்திருக்கிறார், இன்னொரு கையால் உருவியிருக்கிறார். எந்தக் கை எதைச் செய்ததானாலும் வலது கை சும்மா இருந்திருக்க முடியாது. எனக்குக் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்க வேண்டும் போலவும் இருக்கிறது, அவர் மண்டையில் உடைக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

படி இறங்கும்போது விழுந்திருந்தால்? நான் சாயங்காலம் வரும்வரை அங்கேயே கிடந்திருப்பார்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு இரண்டு மணிக்கே வந்தேன். அவரைக் கிளப்பி முன் சீட்டில் உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கப் போனார்.

நான் இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்தேன். கனெக்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பக்கம் வந்து கதவை முழுக்கத் திறந்துவிட்டு, வாங்க என்றேன். தடியை ஊன்றி வந்தார். வண்டியின் முன்னால் இருவரும் நின்றோம்.

"நீங்க கழட்டுனதுதானுங்க?"

எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்தார். நான் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நாலாம் வகுப்பு டீச்சரின் பார்வை அவ்வளவுக்காவது உதவுகிறது.

"அங்க போறதுக்குப் பயமா?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல." எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பன்னெண்டாந் தேதி அந்தம்மா அளந்து பாத்துச் சொல்லீரும். வராதுன்னு சொல்லீருச்சுன்னா அப்பறம் என்ன இருக்குது? போகாம இருந்தா, வராதுன்னு ஆரும் சொல்ல முடியாதில்ல."

விடக் கூடாது என்று நின்றேன்.

"இதக் கழட்டுனது எந்தக் கைங்க?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். யாரோ சொல்லிக் கொடுத்த பொய்யில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி பார்த்தார். முதல் தடவை சிவப்புப் பூட்டை இழுக்க அரை மணி நேரம் ஆனதாம். இடது கைக்கு அந்த இடத்தில் கோணம் வரவில்லை, அதனால் வலது கை விரலைத் தூக்கி அங்கே கொண்டுபோய் வைத்து, இழுக்க முடிகிறதா என்று பார்த்தாராம். வந்துவிட்டது. வந்ததும் அங்கேயே நின்று அழுதாராம். பிறகு, ரெஜினாவின் தட்டில் இது வராமல் போனால் என்ன செய்வது என்று தோன்றியதாம். அதனால் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"என்ற கை இங்க வருது. அங்க போனா அது கோலிக்குண்டு பொறுக்கோணும். அந்தப் புள்ள பாக்குது."

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "கழட்டுனீங்கல்ல, நீங்களே மாட்டுங்க. நான் தொட மாட்டேன்."

தடியை வண்டியில் சாய்த்து வைத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். விரல்கள் முதலில் மடிந்தே கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக விரித்து ஒயர் மேல் வைத்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கனெக்டரைப் பிடித்தன. வழுக்கியது. மறுபடி பிடித்தன. அவர் நெற்றியிலிருந்து வியர்வை எஞ்சின் மேல் சொட்டியது. நான் உதவி செய்யவில்லை. என் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான், சும்மா நின்றது. பதினொரு நிமிடம் ஆனது. டக் என்று சத்தம் கேட்டது.

வண்டியில் ஏறினோம். ஸ்டார்ட் செய்தேன். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. எரியட்டும், போ என்றார். டிப்போ விதியைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஐந்து மணிக்கு அரை மணி நேரம் முன்பே ஈரோடு போய்ச் சேர்ந்தோம்.

கோலிக்குண்டு இரண்டு.

செப்டம்பர் 1, வெள்ளி

போனோம். மூன்று.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். பதினேழு பேனா, ஒரு பிளாஸ்டிக் ரோஜா. சாயங்காலம் போனோம். குண்டு இரண்டுதான். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டார், ரெஜினா பொறுக்கிக் கொடுத்தார். வண்டியில் விளக்கு போய்விட்டது.

செப்டம்பர் 8, வெள்ளி

போனோம். மழை. ஐந்து.

செப்டம்பர் 12, செவ்வாய்

அளந்தார்கள். பிடித்து அமுக்குகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். இடது கை முப்பத்தாறு கிலோ காட்டியது. வலது கை நான்கு.

ரெஜினா மூன்று தடவை அமுக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்து அவருக்கு நேராக உட்கார்ந்தார். கை வந்திருக்கிறது, இன்னும் வரும், சாப்பிடலாம், பொத்தான் போடலாம், கையெழுத்துப் போடலாம், மெதுவாக, ஆனால் எல்லாம் செய்யலாம் என்றார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. அவர் மட்டும் ஒன்றும் கேட்காதது போல உட்கார்ந்திருந்தார்.

"வண்டி ஓட்ட முடியுமா முடியாதாங்க? அதச் சொல்லுங்க போதும்."

ரெஜினா என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

"முடியாதுங்க ஐயா. பஸ் கண்டிப்பா முடியாது. காரும், இந்தக் கையை நம்பி ஓட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சரிங்க" என்றார் அவர். ஒரு மாதமாக அவர் பயந்து ஓடி ஒளிந்த அந்த வார்த்தை எதிரில் வந்து நின்றதும், அவ்வளவுதான் சொன்னார். சரிங்க.

கிளம்பும்போது ரெஜினா மறுபடியும் கேட்டார். நுனி விரல் பிடி மட்டும் மற்றதைவிட நன்றாக இருக்கிறது, வீட்டில் ஏதோ செய்திருக்கிறீர்கள், என்னவென்று சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்றார். அவர் சுவரைப் பார்த்தார். வண்டி வேலை பார்த்தார் என்று நான் சொன்னேன்.

"அதை விடாம தினமும் செய்யச் சொல்லுங்க" என்றார்.

வரும் வழியில் எனக்கு அழுகை முட்டியது. ஓட்டிக்கொண்டிருந்ததால் அழ முடியவில்லை. கவுந்தப்பாடி தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

இரவு ஸ்பூனை வலது கைப் பக்கம் வைத்தேன். பாதி கீழே சிந்தியது.

செப்டம்பர் 13, புதன்

அவர் நாள் முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லையாம். நான் வந்து எழுப்பிக் காப்பி கொடுத்தேன். நாளை காலாண்டுத் தேர்வுத் தாள்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், மூன்று கட்டு இருக்கிறது, மதியத்துக்கு மேல் வண்டியில் போகிறேன், காலையில் பஸ்தான் என்றேன். தலையை ஆட்டினார்.

செப்டம்பர் 14, வியாழன்

மதியம் வீட்டுக்கு வந்து, தாள் கட்டுகளைப் பின் சீட்டில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு.

இறங்கி முன்மூடியைத் திறந்தேன். கனெக்டர் ஒழுங்காக மாட்டியிருந்தது. சிவப்புப் பூட்டும் போட்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சரியாகப் பூட்டியிருக்கிற கனெக்டருக்கு விளக்கு ஏன் எரிகிறது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. தண்டபாணி சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கழன்று கிடக்கும்போது யாராவது உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருக்க வேண்டும்.

திரும்பி வந்து உட்கார்ந்து கியர் போடப் போனபோதுதான் கவனித்தேன். கிளட்சுக்கு என் கால் எட்டவில்லை. சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கால் நீளம்.

வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும்.

நான் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, விளக்கு எரிய எரியப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்து வண்டியை நிறுத்திய பிறகு, சீட்டை மறுபடியும் கடைசி வரை பின்னால் தள்ளி வைத்தேன்.